மேலே ஒரு தரகர், சந்தில் ஒரு தரகர்

அன்றைக்கு என்னைச் சந்தில் நிற்க வைத்தது தன் வாழ்க்கையிலேயே பெரிய ஆபத்து என்று ஜாக்லின் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் குடும்பத்தில் மூன்று வருஷமாக யாரும் செய்யாத வேலையை நான் செய்தேன். கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன், அவ்வளவுதான்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். ஜாக்லின் என் பக்கத்து வீட்டுக்காரி. மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து மாசாயில் எங்கள் வரிசை வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அவள் வீட்டில் மீன் பொரித்தால் என் வீட்டில் தும்மல் வரும். பாசிர் கூடாங்கில் ஒரே தொழிற்சாலையில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. அவள் வீட்டுக்காரர் பிரெட்ரிக், கப்பல் பட்டறையில் வெல்டர். பின்சந்துக்கு அந்தப் பக்கம், அவள் சமையலறைக்கு நேர் எதிரே, அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் கேப்ரியல் குடியிருக்கிறார். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே ஒரு சந்து, ஒரு சாக்கடை, அவ்வளவுதான் தூரம்.

ஆனால் பேச்சு கிடையாது. ஜாக்லினின் மகள் ஷரோன் கல்யாண விருந்தில், தாய்மாமன் கேப்ரியலுக்குக் கடைசி வரிசையில், டாப்பூர் என்று நாங்கள் சொல்லும் சமையல்கட்டு வாசல் ஓரமாக மேசை போட்டிருந்தார் பிரெட்ரிக். அவ்வளவுதான் சண்டை. இதற்கு மூன்று வருஷமா என்று கேட்காதீர்கள். எங்கள் ஜனங்கள் இதைவிடச் சின்ன விஷயத்துக்கு முப்பது வருஷம் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

பேசாமல் இருந்தார்கள் என்றால் சேதி போகாமல் இல்லை. எல்லாம் ஜாக்லின் வழியாகப் போகும். கிறிஸ்மஸ் அன்று ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, "ஜாக்கி, அந்தக் கொழம்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு உன் வீட்டுக்காரர்கிட்ட" என்பார் அண்ணன். குழம்பு பிரெட்ரிக்கின் கையருகே இருக்கும். ஜாக்லின் வாய் திறந்து சொல்லும்வரை அவர் கை அசையாது.

சொல்வதிலும் அவள் ஒரு கைவேலை வைத்திருந்தாள். "கார் நிறுத்தியிருக்கிற அழகப் பாரு, இவனுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தா?" என்று அண்ணன் சொன்னால், வீட்டுக்காரரிடம் போய், "அண்ணன் காரக் கொஞ்சம் தள்ளி நிறுத்த முடியுமான்னு கேக்குறாரு" என்பாள். "ஒங்கண்ணன் குடுத்த கேக்கு செங்கல்லு" என்று இவர் சொன்னால், அங்கே போய், "கேக் நல்லா கெட்டியா இருந்துச்சாம் அண்ணே" என்பாள். பொய் இல்லை, மிளகாயைப் பொறுக்கிப் போட்டுவிட்டுப் பரிமாறுவது. இதைப் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் எரிச்சல் வரும். எனக்கு வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

இப்படி இருந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு கம்பி ஓடியது. அது ஜாக்லினின் ரேடியோக் கம்பி.

ஜாக்லினுக்கு ஹாம் ரேடியோ பைத்தியம். முறையாகப் பரீட்சை எழுதி, அரசாங்க உரிமம் வாங்கி, நைன் விஸ்கி, அதாவது 9W, என்று தொடங்கும் அடையாள எழுத்துகளோடு உலகம் பூராவும் பேசுவாள். மற்ற பெண்கள் ஓவர்டைம் முடிந்து வந்து தொலைக்காட்சி முன்னால் சாய்வார்கள். இவள் காதில் மாட்டிக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்துவிடுவாள். இந்தோனேசியாவும் ஜப்பானும் சலித்துப்போய், கடைசியில் அவள் ஆசை நிலாவில் போய் நின்றது. "ஒரு தடவையாச்சும் என் குரல் நிலா வரைக்கும் போயி, அங்கேர்ந்து இன்னொருத்தர் காதுக்கு எறங்கணும் கஸ்தூரி" என்பாள். சொல்லும்போது அவள் கண் பளபளக்கும். நான் கிண்டல் செய்வேன், ஆனாலும் கேட்க எனக்குப் பிடிக்கும்.

வழியும் ஒன்று வந்தது. நிலா எப்போதும் நமக்கு ஒரு முகத்தைத்தான் காட்டும். பின்பக்கம் ஒரு கருவியை இறக்கினால் அதோடு பூமி நேராகப் பேச முடியாது, நடுவில் நிலாவே மறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் நிலாவைச் சுற்றி ஒரு துணைக்கோளை ஓட விடுவார்கள். பின்பக்கம் சொல்வதை வாங்கிப் பூமிக்குக் கொடுக்கும், பூமி சொல்வதை வாங்கி அங்கே கொடுக்கும். வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் அப்படி ஒன்றைச் செய்து அனுப்பியிருந்தார்கள். பின்பக்க வேலை தொடங்கும் முன் சோதனைக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை, அரை அரை மணி நேரம், உலகத்து ஹாம்காரர்களுக்குத் திறந்துவிட்டார்கள். யார் பேசினாலும் அது வாங்கி, அப்படியே பூமிப் பக்கம் திருப்பி அனுப்பும். அதற்கு ஏதோ எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர் உண்டு. நான் தரகர் என்றுதான் சொல்வேன்.

அனுப்புவதற்கு ஒரு தட்டு ஆன்டெனா ஜாக்லின் வீட்டுச் சமையலறையின் தட்டைக் கூரைமேல். வாங்குவதற்கு ஒரு பெரிய வலைத் தட்டு கேப்ரியல் அண்ணன் வீட்டில். அவருடையது கார்னர் வீடு, பக்கத்தில் இடம் இருந்தது. அது மோட்டாரில் தானாக நிலாவோடு நகரும். அங்கே பிடிக்கும் சத்தம் சந்துக்கு மேலே அந்தக் கம்பி வழியாக வந்து ஜாக்லினின் மேசையில் இருக்கும் ஸ்பீக்கரில் கேட்கும்.

முதல் இரண்டு ஞாயிறும் தோல்வி. தரகர் தன் இருப்பைக் காட்ட அனுப்பும் பீப் பீப் சத்தம் நன்றாகக் கேட்டது. ஆனால் ஜாக்லின் பேசியது திரும்பி வரவே இல்லை. அவள் மைக்கை விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடி, புருஷனிடம் ஓடி, சேதி சொல்லிச் சொல்லியே இரண்டு அரை மணியும் கரைந்தது. இரண்டாவது ஞாயிறு முடிந்ததும் அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சொன்னாள்: "அடுத்த வாரமும் வரலன்னா எல்லாத்தையும் எறக்கிடுறேன். கம்பியையும் அவுத்துடுறேன். ரெண்டு பேரையும் வெச்சிக்கிட்டு இனிமே என்னால மாரடிக்க முடியாது."

கம்பி போனால் அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே வேறு ஒன்றும் மிச்சம் இல்லை. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால் மூன்றாவது ஞாயிறு நான் கரிபாப் பலகாரம் பொரித்து எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போகவில்லை, வேண்டிக்கொண்டுதான் போனேன்.

சாயங்காலம் ஐந்து மணி. வெயில் இன்னும் இருந்தது, வெளுத்த பகல் நிலா கேப்ரியல் அண்ணன் வீட்டுக் கூரைக்கு மேலே உயரத்தில் நின்றது. ஜாக்லின் பூசைக்குப் போட்ட நல்ல கவுனை மாற்றாமலே மைக் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"நான் இன்னைக்கு எந்திரிக்க மாட்டேன் கஸ்தூரி. நீ சந்துல நடுவுல நில்லு. அவங்க சொல்றத இங்கயும் அங்கயும் சொல்லு. ஆனா கொஞ்சம் பாத்துச் சொல்லு."

"பாத்துச் சொல்லுன்னா?"

பதில் சொல்ல அவளுக்கு நேரம் இல்லை. ஸ்பீக்கரில் பீப் பீப் என்று தரகர் வந்துவிட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு சத்தம் எங்கள் சந்துக்கு வருகிறது என்றால் சும்மாவா? ஜாக்லின் பொத்தானை அழுத்தித் தன் எழுத்துகளை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாசாய், ஜொகூர், மலேசியா என்றாள். சொன்னது நிலாவுக்குப் போய்த் திரும்ப இரண்டரை விநாடி ஆகும். நாங்கள் காத்திருந்தோம். பீப் பீப் மட்டும்தான் கேட்டது.

மறுபடி சொன்னாள். மறுபடியும் ஒன்றும் இல்லை.

கேப்ரியல் அண்ணன் தன் வீட்டு ஜன்னலில் இருந்தார். கணினித் திரையையும் பார்த்தார், ஜன்னல் வழியே எதிர்க் கூரையையும் பார்த்தார். என்னைக் கையாட்டிக் கூப்பிட்டு, மாப்பிள்ளை காதில் விழக்கூடாத குரலில் பேசினார்.

"அவன்கிட்ட சொல்லு. வெல்டிங்கா அது? தட்டு கழுத்தறுத்த கோழி மாதிரி தொங்குது. போன வாரமும் சொன்னேன், அதுக்கு முந்தின வாரமும் சொன்னேன். கண்ணு தெரியலன்னா எறங்கி வந்துரச் சொல்லு."

நான் திரும்பினேன். எதிர்க் கூரையில் பிரெட்ரிக் தட்டுக்குப் பின்னால் நின்று, தாங்கியில் கட்டியிருந்த பிவிசி குழாய் வழியாக ஒற்றைக் கண்ணால் நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயில் நிலா தெரிந்தால் தட்டும் நிலாவைப் பார்க்கிறது என்பது அவர் கணக்கு. தாங்கியை வெல்டிங் செய்ததும் அவர்தான்.

நான் கையை வாயருகே குவித்து முழுதாகச் சொன்னேன். கோழியை விடவில்லை. கண்ணையும் விடவில்லை.

சமையலறைக்குள்ளிருந்து ஜாக்லின், "அலமாக், கஸ்தூரி, அப்படியே சொல்லாத லா" என்றாள். அதற்குள் மேலே எரிந்துவிட்டது.

"என் வெல்டிங்கா? என் வெல்டிங்கையா சொன்னாரு?" பிரெட்ரிக்கின் முகம் சிவந்துபோனது. "நான் கப்பலுக்கு வெல்டிங் அடிக்கிறவன்னு சொல்லு அந்தாளுகிட்ட. குழாயில நெலா நட்டநடுவுல நிக்குது. பஸ்ஸு ஓட்டுறவருக்கு என்னா தெரியும்? போன வாரம் 'கொஞ்சம் எறங்கியிருக்கு போல'ன்னுதான சொல்லி விட்டாரு? வெல்டிங்னு எப்பச் சொன்னாரு?"

இதையும் அப்படியே கொண்டுபோனேன். பஸ்ஸையும் சேர்த்து.

கேப்ரியல் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "போலவா? நான் எப்ப 'போல' போட்டேன்? வெல்டிங் விட்டுருச்சின்னுதான் ரெண்டு வாரமும் சொன்னேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு வாரமாக அந்த வெல்டிங் விஷயம் சந்தைத் தாண்டவே இல்லை. வீட்டுக்காரரின் தொழிலைக் குறை சொல்லும் வார்த்தையை ஜாக்லின் எப்படிக் கொண்டுபோவாள்? மிளகாயோடு சேர்த்து மீனையும் பொறுக்கிப் போட்டிருக்கிறாள். நானும் அவள் அண்ணனும் ஒரே நேரத்தில் சமையலறைப் பக்கம் பார்த்தோம். அவள் மைக்கையே பார்த்துக்கொண்டு இன்னும் வேகமாக மாசாய், ஜொகூர், மலேசியா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வெல்டிங் விட்டுருச்சாம் அண்ணே" என்று நான் மேலே பிரெட்ரிக்கைப் பார்த்துக் கத்தினேன். "ரெண்டு வாரமா சொல்றாராம்."

"எங்க விட்டுருக்கு? எங்க?" பிரெட்ரிக் குழாயை விட்டுவிட்டுத் தட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்தார். "நல்லாப் பாக்கச் சொல்லு. ஆடுதா? ஆடுதான்னு கேளு." தன் வேலையில் குறையா என்ற கோபத்தில் தட்டை மேல்நோக்கி ஓங்கித் தள்ளினார்.

ஆடியது. தாங்கி அப்படியே நிற்க, தட்டு மட்டும் ஒரு சாண் மேலே போனது.

ஸ்பீக்கரில் ஜாக்லினின் குரல் வெடித்தது. அவள் வாய் மூடியிருந்தது. ஆனாலும் அவள் குரல், கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, "...ஜொகூர், மலேசியா" என்று சமையலறை அதிரச் சொன்னது.

பிரெட்ரிக் திகைத்துக் கையை விட்டார். தட்டு தொங்கிவிட்டது, குரலும் அறுந்துவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும், ஆனால் அந்த யானையின் முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பாவமாக இருந்தது.

அப்புறம் ஜன்னலிலிருந்து ஒரு கத்தல். என்னிடம் இல்லை. என் தலைக்கு மேலே, நேராகக் கூரைக்கு.

"விடாத மாப்ள! தூக்கிப் புடி!"

மூன்று வருஷத்தில் முதல் வார்த்தை. அதைச் சொன்னவருக்குச் சொன்னது தெரியவில்லை, கேட்டவருக்குக் கேட்டது தெரியவில்லை. பிரெட்ரிக் தட்டுக்கு அடியில் தோளைக் கொடுத்தார். "இந்த அளவு போதுமா மச்சான்?" என்று அவரும் நேராகத்தான் கேட்டார். எனக்குச் சந்தில் நிற்க ஒரு வேலையும் இல்லாமல் போனது.

குரல் வந்தது, போனது, வந்தது. கனமான தட்டை ஒரு ஆள் தோளில் நிறுத்த முடியவில்லை. அதைவிடத் தொல்லை, இங்கே தட்டு அசைந்தால் பலன் தெரிய இரண்டரை விநாடி ஆகிறது. சரியான இடத்தைத் தாண்டிய பிறகுதான் அது சரியான இடம் என்று தெரிகிறது. கேப்ரியல் அண்ணன் அதற்குமேல் பொறுக்கவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வாசலைத் திறந்து ஓடிவந்தார். ஒரு செருப்பு சாக்கடையில் போனது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய மனுஷர், பஸ்ஸில் ஏறுவதைவிட வேகமாக ஏணியில் ஏறினார். நான் ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டேன்.

மேலே இரண்டு தோளும் ஒரே தட்டுக்குக் கீழே போயின. "மெதுவா. தூக்கிட்டுப் பொறு. சத்தம் வரட்டும். இன்னும் கொஞ்சம். வந்துருச்சி, அசையாத." குரல் கெட்டியாக நின்றது. ஜாக்லின் சொல்வதும், அவள் சொன்னது நிலாவிலிருந்து இறங்குவதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. கையில் ஏணி இல்லாவிட்டால் சந்திலேயே குதித்திருப்பேன்.

ஆனால் இன்னும் வேறு யாரும் பதில் சொல்லவில்லை. தன் குரல் தனக்கே திரும்பி வந்தால் போதாது, இன்னொருவர் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். அரை மணியில் பாதிக்குமேல் போய்விட்டது. ஜாக்லின் விடாமல் கூப்பிட்டாள்.

மேலே இருந்த இருவரும் அசையக் கூடாது, ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"மேசைய எங்க போட்ட நீ? தாய்மாமனுக்கு டாப்பூர் வாசல்லயா மேச போடுவாங்க?"

"சாப்பாடு மொதல்ல அங்கதான் மச்சான் வரும். சூடா வரும். ஒங்களுக்கு ஆறுன சோறு புடிக்காதுன்னு ஜாக்கி எத்தன தடவ சொல்லியிருக்கா. நானா நின்னு அந்த மேசையப் போட்டேன்."

"அத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா?"

"நீங்கதான் பாதியில எந்திரிச்சிப் போயிட்டீங்களே."

கூரை தட்டை, சமையலறைக் கதவு திறந்திருக்கிறது, ஜாக்லின் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறாள். இரண்டரை விநாடி கழித்து ஸ்பீக்கர், "டாப்பூர் வாசல்லயா மேச போடுவாங்க" என்று கேட்டது. பிறகு "சூடா வரும்" என்றது. போக வர ஏறக்குறைய எட்டு லட்சம் கிலோமீட்டர் போய் வந்த சண்டை, ஒரு வார்த்தை குறையாமல், ஒரு வார்த்தை இனிக்காமல் இறங்கியது. மேலே இருக்கிற தரகர் என் ஜாதி.

இருவரும் தட்டை விடாமல் கீழே காதைத் திருப்பினார்கள். அப்போதுதான் அது வந்தது.

ஒரு பெண் குரல். நடுத்தர வயது இருக்கும். ஆஸ்திரேலியாவில் பெர்த் பக்கத்திலிருந்து பேசுவதாக ஆங்கிலத்தில் சொன்னாள். ஜாக்லினின் எழுத்துகளை நைன் விஸ்கி என்று தொடங்கி ஒவ்வொன்றாக, ஒன்றும் தப்பாமல் வாசித்தாள். தெளிவாகக் கேட்கிறது என்றாள். பின்னால் ஆண்கள் சத்தம் போடுகிறார்களே, அங்கே எல்லாம் நலம்தானா என்றும் கேட்டாள்.

ஜாக்லின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, வாய் சிரித்தது. நான் வாசலில் நின்று, பேசு பேசு என்று கையாட்டினேன். அவள் அந்தப் பெண்ணின் எழுத்துகளைத் திருப்பிச் சொன்னாள். ஒரு எழுத்தும் தவறவில்லை. பிறகு சொன்னாள்: எல்லாம் நலம், அது என் வீட்டுக்காரரும் என் அண்ணனும், மூன்று வருஷத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

அதுவும் போய்த் திரும்பி வந்து கூரைக்குக் கேட்டது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் தட்டு கொஞ்சம்கூட அசையவில்லை.

பெர்த்துக்காரி சிரித்தாள், வாழ்த்துச் சொன்னாள். அடுத்து ஜப்பானிலிருந்து ஒருவர் கேட்டது என்றார். அதோடு நேரம் முடிந்தது. பீப் பீப் நின்றது. தரகர் எங்களை விட்டுவிட்டு நிலாவின் பின்பக்க வேலைக்குப் போய்விட்டார். ஜாக்லின் மைக்கை வைத்துவிட்டு எழுந்து என்னைக் கட்டிப் பிடித்தாள். "போச்சு கஸ்தூரி, என் குரல் போச்சு, எறங்கவும் எறங்கிருச்சி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் மேலே இருவரும் இன்னும் தட்டைத் தாங்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. முடிந்துவிட்டது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

"மச்சான், ஒங்க கை நடுங்குது. கொஞ்சம் விடுங்க, நான் புடிச்சிக்கிறேன்."

"நீ மூடிக்கிட்டு நேரா புடி. ஷரோனுக்கு இப்ப எத்தனாவது மாசம்?"

"ஏழு."

"ஏழா? என்கிட்ட யாருமே சொல்லல."

நேரம் முடிந்துவிட்டது என்று சொல்ல நான் சந்தில் இறங்கி, கையை வாயருகே குவித்தேன். ஜாக்லின் பின்னாலேயே வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"சொல்லாத" என்றாள், மெதுவாக.

என் வாயில் வந்த சேதி நின்றதாகச் சரித்திரம் இல்லை. அன்றைக்கு நின்றது. மேலே கேப்ரியல் அண்ணனும் பிரெட்ரிக்கும், யாரும் கேட்காத வானத்துக்கு அந்தத் தட்டைத் தோளில் தூக்கிப் பிடித்தபடி, பேரப்பிள்ளைக்கு யார் பெயர் வைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.